குவார்ட்டர் எத்தனை டிரிங்க்?

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 விழுக்காடு என்று போட்டிருக்கும். பெருக்கினால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. எடையாக மாற்றினால் கிட்டத்தட்ட 61 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாள் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று கணக்கில் வைக்கிறது. ஆக, குவார்ட்டர் என்றால் ஆறு டிரிங்க். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு கோர்ஸ் ஒர்க்குக்கு வந்து உட்கார்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

அவர்கள் எதிர்பார்த்து வருவது வேறு. சாம்பிள் சைஸ் எத்தனை வேண்டும், எந்த டெஸ்ட் போடலாம், எஸ்.பி.எஸ்.எஸ். எப்போது சொல்லித் தருவீர்கள். சமூகப்பணி, உளவியல், செவிலியம் என்று பல துறைகளிலிருந்து வருவார்கள். கையில் ஏற்கெனவே ஒரு தலைப்பும், சீனியர் யாரோ கொடுத்த ஒரு கேள்வித்தாளும் இருக்கும். குடியைப் பற்றிய ஆய்வு என்றால் அது பெரும்பாலும் ஆடிட்தான். பத்தே கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய குடி. சுலபமாக இருக்கிறதே என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தினம் இரண்டு குவார்ட்டர் போடும் ஒருவரிடம் இதைக் கொண்டுபோகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க் என்று கேட்டால் ‘ரெண்டு’ என்பார். அவரைப் பொறுத்தவரை அதில் பொய்யே இல்லை. மாணவர் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பார். மதிப்பெண் சுழியம். அடுத்தது, ஒரே தடவையில் ஆறு டிரிங்கோ அதற்கு மேலோ எத்தனை முறை குடித்திருக்கிறீர்கள்? ஆறா என்று அவர் பதறி, ‘ஒருநாளும் இல்லீங்க’ என்பார். அதற்கும் சுழியம். உண்மையில் அவர் குடிப்பது நாளுக்குப் பன்னிரண்டு டிரிங்க். இரண்டு கேள்விக்கும் நான்கு நான்கு விழுந்திருக்க வேண்டும். விடுபட்டுப்போன மதிப்பெண் எட்டு. எல்லைக்கோடாக வைத்திருப்பதும் எட்டு. இப்படிச் சேர்ந்த முந்நூறு தாள்களை எந்த மென்பொருளில் போட்டாலும் தப்பு கச்சிதமான அட்டவணையாக வெளியே வரும். அதை வைத்துப் பட்டமும் வாங்கலாம்.

அதனால் வகுப்புக்குக் காலி பாட்டில்கள் வரும். குவார்ட்டர், ஆஃப், ஃபுல், பீர் பாட்டில், கூடவே கடைகளில் கொடுக்கிற பிளாஸ்டிக் டம்ளர். முதல் தடவை அட்டெண்டர் அவற்றை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு மாடியேறியபோது வளாகம் முழுக்க என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ‘எப்பவும் ஊத்திக்கிற அளவுக்கு ஊத்துங்க’ என்று ஒருவரிடம் இன்னொருவர் சொல்லி, ஊற்றியதை அளந்து பார்க்க வேண்டும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 விழுக்காடு என்றால் நான்கு டிரிங்க். கட்டிங் என்பது முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு போட்டு ஒரு குவார்ட்டரைப் பகிர்வது. அது ஆளுக்கு மூன்று டிரிங்க், ஊற்றியவர் கை நேர்மையாக இருந்தால். குடிப்பழக்கமே இல்லாத மாணவர்களுக்கு இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடக் கூச்சம், ஏனென்றால் விடை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அளவு பிடிபட்ட பிறகுதான் கேள்வி கேட்பதற்கு வருவோம். அதற்கு ஆண்டுதோறும் எங்கள் வகுப்புக்கு ஒருவர் வருகிறார். குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர், ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மாணவர்களுக்கு அவர் அண்ணாச்சி. குடித்துக்கொண்டிருந்த காலத்து ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து மாணவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் அவர் வேலை. நல்ல கேள்விக்கு உண்மையைச் சொல்வார். மோசமான கேள்விக்கு, அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அது.

முதலில் எழுந்துவரும் மாணவர் எப்போதும் கேள்வித்தாளைப் பார்த்துத்தான் கேட்பார்.

“ஐயா, நீங்க மது அருந்துவீங்களா?”

“எப்பயாச்சும்.”

“எவ்வளவு அருந்துவீங்க?”

“லேசா.”

“குடிச்சிட்டு வீட்ல சண்டை போட்டதுண்டா?”

“சேச்சே.”

மூன்று டிக். மாணவருக்குத் திருப்தி. ஒரு வருஷம் ஒரு மாணவி, ஈரோட்டுப் பக்கத்துப் பெண், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணாச்சி, நேத்து பட்டறைய எத்தனை மணிக்குப் பூட்டுனீங்க?”

“ஏழு, ஏழரை இருக்கும்.”

“பூட்டிட்டு நேரா வீட்டுக்கா?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “எங்கம்மா நேரா வீட்டுக்கு” என்று ஆரம்பித்தவர் வழியை முழுக்கச் சொன்னார். எந்தக் கடை, யாரோடு, எவ்வளவு, மிச்சத்தை ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே எப்படி ஒளித்துவைப்பார். எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டார். “காலைல கை நடுங்கும்ல, அதுக்கு.” சார்புநிலை, விடிகாலைக் குடி, நிறுத்தினால் வரும் உடல் தொந்தரவு என்று கேள்வித்தாள் பக்கம் பக்கமாகத் தேடுவதெல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது.

அன்று வகுப்பு முடிந்ததும், முதலில் கேட்ட மாணவர், ‘என்கிட்ட மட்டும் ஏன் அண்ணாச்சி மறைச்சீங்க?’ என்றார். “தம்பி கேட்டப்ப எங்க மாமனார் கேக்குற மாதிரியே இருந்துச்சு. மாமனார்கிட்ட என்ன சொல்வேனோ அதைச் சொன்னேன்.” நான் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்ல நினைப்பதும் இதுதான். குடியைப் பற்றிக் கிடைக்கிற பதில் குடிப்பவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. கேட்டவர் யார், எந்த இடத்தில் கேட்டார், பதிலால் அந்த மனிதருக்கு என்ன வரும் என்பவையும் அதற்குள் கலந்திருக்கின்றன.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று நம் ஊரில் சொல்லிவைத்திருக்கிறோம். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்கும்போது குடிப்பவர் போதையில் இல்லாமல், சொல்வது வெளியே போகாது என்ற உறுதியும், சொல்வதால் நஷ்டம் வராது என்ற நம்பிக்கையும் இருந்தால், அவர் தரும் கணக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதியர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. ஒரு காலண்டரை விரித்து, அந்த மனிதருக்கு மறக்காத நாட்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போவது. நம் காலண்டர் இதற்கென்றே அச்சடித்ததுபோல் அமைந்திருக்கிறது. கோயில் கொடை, காதுகுத்து, தீபாவளி, ஆடி பதினெட்டு. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி என்றால் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமைகளை மட்டும் சிவப்பு பேனாவில் வட்டமிட்டுவிட்டால் போதும், ஞாபகம் தானாக வரிசையில் நிற்கும். ‘கடந்த 24 மணி நேரத்தில்’ என்று கேட்கும் ஆய்வை செவ்வாய்க்கிழமை நடத்தினால் ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை நடத்தினால் வேறு ஊர்.

நான் பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் மனநல வார்டில் சமூகப்பணியாளராக இருந்தவன். அந்த அனுபவம் இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தியிருந்தால் பேட்டி எடுக்கும் நாள் எது என்பது எனக்கே ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்காது. குடியை நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி படுக்கையில் ஊரும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் மச்சானாகத் தெரிவார். நடுக்கத்தை அடக்கக் கொடுக்கும் மாத்திரையில் மற்றவர்கள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். மாணவர்களுக்கு வசதியான நாளோ அட்மிஷன் நாள்தான், குடும்பமே கூட வந்திருக்கும், கையெழுத்து ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அப்படி வாங்கிய ஒப்புதல் ஒப்புதல் அல்ல. இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லும்வரை படிவத்தை நீட்டக் கூடாது என்பது என் வகுப்பில் விதி. இதனால் தரவு சேகரிப்பு தள்ளிப்போகிறது என்று வழிகாட்டிகள் சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள். படட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆய்வுக்காக நாம் போகும் கதவு. மாணவர்கள் போதை மீட்பு மையத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே நிர்வாகியை வழிகாட்டிக்குத் தெரியும், நூறு பேர் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள். அப்படி எழுதிய ஆய்வேடுகளை அடுக்கிவைத்தால் ஒரே மனிதர் திரும்பத் திரும்ப வருவார். நாற்பது வயதை ஒட்டியவர், கல்யாணமானவர், வேலை போனவர், மனைவியோ அண்ணனோ இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தவர். ‘குடிநோயாளிகளின் ஆளுமை’ என்று தலைப்பு வைத்துவிடுகிறோம். ஆனால் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேரை நம் ஆய்வேடுகள் சந்தித்ததே இல்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸின் வேலை. 1971-ல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டது என்று வாஷிங்டன் கலங்கிப்போயிருந்தது. அதுவரை ஹெராயின் பற்றித் தெரிந்ததெல்லாம் லெக்சிங்டன் போன்ற மருத்துவமனைகளிலிருந்து வந்தது, அங்கிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் திரும்ப அதற்கே போனார்கள். ராபின்ஸ் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களின் பட்டியலிலிருந்து மாதிரியை எடுத்தார். ஊர் ஊராகத் தேடிப்போய் அவர்களில் சுமார் 95 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தார்கள், சிறுநீரும் சோதித்தார்கள். போர்முனையில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அடிமையாகியிருந்தார். அவர்களில் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. பலர் நம்ப மறுத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னதும், இடம் மாறியதால் பழக்கம் விட்டுப்போனது என்று மாணவர்கள் காரணத்துக்குப் பாய்வார்கள். அது தனி விவாதம். நான் அவர்களை அந்த 95 விழுக்காட்டிலேயே நிறுத்திவைப்பேன். நம் ஆய்வுகளில் ஆறு மாதம் கழித்துப் போன் பண்ணினால் பாதி எண்கள் ‘ஸ்விட்ச் ஆஃப்’. எடுத்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி விழுக்காடு போடுவது நம் வழக்கம். போன் எடுக்காதவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்தால் அந்தக் கணக்கில் கை வைக்கவே கூசும். கண்டுபிடிக்க முடியாதவரைக் குடித்தவராகவே எண்ணு என்பேன். முகம் சுளிப்பார்கள். அப்படி எண்ணிய பிறகும் நிற்கிற முடிவு நல்ல முடிவு.

பெண்கள் விஷயமும் இதே கதவுப் பிரச்சினைதான். அதே தேசிய ஆய்வில் குடிக்கும் பெண் ஒருவருக்குக் குடிக்கும் ஆண்கள் 17 பேர். இந்த விகிதம் உண்மைக்கு எவ்வளவு பக்கம் என்று வகுப்பில் சண்டையே நடக்கும். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் சொல்வாள்? மாணவிகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு, டாஸ்மாக் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு அவர்களால் நிற்க முடியாது. ஆனால் மாணவர்கள் நுழைய முடியாத அடுக்களைக்குள் அவர்கள் நுழைகிறார்கள். நான் படித்ததிலேயே கனமான களக்குறிப்புகள் மனைவிமார்களோடு பேசிய மாணவிகளுடையவை.

அப்படி ஒரு குறிப்பு எங்களை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. பேட்டி கொடுத்த பெண், கணவருக்குத் தெரியாமல் குழம்பில் ஒரு பொடியைக் கலப்பதாகச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையை இடித்த பொடி, குடித்தால் வாந்தி வரும் என்றாராம். விவரம் கேட்டால் அது டைசல்ஃபிராம். தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் பயன் தரும் மருந்துதான். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பெண்ணிடம் ரகசியம் காப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கணவரோ இந்த ஆய்வில் இல்லவே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் புரட்டினோம், அவை கொள்கையைச் சொல்லும், இரவுச் சாப்பாட்டுக்குள் என்ன செய்வது என்று சொல்லாது. கடைசியில் மாணவி அந்தப் பெண்ணிடமே திரும்பிப் போனார். ‘அக்கா, இது அவர் உயிருக்கு ஆபத்து’ என்று சொல்லி, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அந்தப் பெண்ணையே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்தப் பேட்டியை ஆய்வேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று பேசிப் பேசி விட்டுவிட்டோம். அதிலிருந்து என் மாணவர்கள் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கூடுதலாகப் போடுகிறார்கள்: யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டோம்.

சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கும் ஆய்வுகளில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஐப்பசியில் தொடக்க அளவீடு எடுத்து, எட்டு அமர்வு ஆலோசனை கொடுத்து, மார்கழியில் மறு அளவீடு எடுத்த ஒரு மாணவர், குடி பெருமளவு குறைந்திருக்கிறது என்று பூரிப்போடு வந்தார். அவருடைய ஆட்களில் எத்தனை பேர் கழுத்தில் மாலை இருந்தது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொட மாட்டார், அதற்கு ஆலோசகர் தேவையில்லை. ஒப்பிட இன்னொரு குழு இல்லாவிட்டால் மாலையின் புண்ணியம் முழுக்க நம் ஆய்வின் கணக்கில் ஏறிவிடும்.

ஒப்பீட்டுக் குழுவின் அருமைக்கு நான் சொல்லும் பழைய கதை லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸும் ஜிம் ஆர்ஃபோர்டும் செய்தது, 1977-ல் வெளியானது. மணமான, குடிநோயாளிகளான 100 ஆண்கள். பாதிப் பேருக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சை. மறுபாதிக்கு மனைவியோடு உட்காரவைத்து ஒரே ஒரு அமர்வு அறிவுரை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய கதைக்கு கோவா. விக்ரம் படேல் குழுவினர் அங்கே மனநலப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் ஆண்களுக்கு ஆலோசனை தரச் செய்தார்கள். மொத்தம் 377 பேர், குலுக்கல் முறையில் இரண்டு குழு. ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 36 விழுக்காடு, பெறாத குழுவில் 26. அந்த 26-ஐ நான் வட்டமிட்டுக் காட்டுவேன். நம் மாணவருக்கு இரண்டாவது குழுவே இருந்திருக்காது, 36-ஐ முழுசாகத் தன் பேரில் எழுதிக்கொண்டிருப்பார்.

இப்போது என்னிடம் இருக்கும் மாணவி ஒருவர் எந்த மையத்துக்கும் போகாமல் தாங்களாகவே குடியை விட்டவர்களைத் தேடுகிறார். இப்படிப்பட்டவர்களை லிண்டா சோபெல் கனடாவில் விளம்பரம் கொடுத்துச் சேர்த்தார். என் மாணவி கண்டுபிடித்தது ஒரு கிராமத்துக் கோயில். சாமி முன்னால் கையில் கயிறு கட்டிக்கொண்டு இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்யும் கோயில். முதலில், சத்தியத்தைக் காப்பாற்றியவர்களைப் பேட்டி எடுப்பதாகத்தான் திட்டம். காப்பாற்றாதவர் பயந்துபோய் அந்தப் பக்கமே வர மாட்டாரே என்று வகுப்பில் யாரோ கேட்டார்கள். திட்டம் மாறியது. கயிறு கட்டும் நாளிலேயே பெயர் சேர்த்து, ஆறு மாதம் வீடு தேடிப் போவது.

நெறிமுறைக் குழுவின் படிவத்தில் ‘நிறுவனத் தலைவரின் அனுமதிக் கடிதம்’ என்று ஒரு கட்டம். பூசாரி கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். ஆனால் அவருக்கும் நிபந்தனை இருந்தது. “கயிறு கட்டறப்ப யாரையும் கேக்காத தாயி. அப்ப சாமிக்குப் பயந்துகிட்டு என்ன வேணா சொல்லுவாங்க. கட்டி முடிச்சுட்டு எதிர்க்க டீக்கடையில வந்து உக்காருவாங்க, அங்க போய்ப் பேசு.” ‘பங்கேற்பாளர்களைச் சந்திக்கும் இடம்’ என்ற கட்டத்தில் டீக்கடை என்று திருத்தி அனுப்பினோம். கடைக்காரரிடமிருந்தும் ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது.